முன்னாடி வைத்திருந்தவர் கை வைத்த வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பைக் வாங்கினவர்கள் முதல் ஒரு மாதம் சந்தோஷமாக ஓட்டுவார்கள். அப்புறம் எதற்காகவோ ஒரு நாள் சீட்டைக் கழற்றுவார்கள், அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு ஒரு போட்டோ வரும், "இது என்னண்ணே?" என்று. போட்டோதான் மாறும், கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. பழைய வண்டியை வாங்கிப் பிரித்துப் பார்ப்பதிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த ஆள், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டணும்?

ஒப்பேற்றி வைத்த வேலை ஓடத்தான் செய்யும். ஓட வேண்டும் என்பதற்காகத்தானே அதைச் செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், அது எத்தனை நாளைக்கு ஓடும் என்பது செய்தவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. "அடுத்த வாரம் சரியாகச் செய்துகொள்ளலாம்" என்று போட்ட முடிச்சு நான்கு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு உங்கள் கைக்கு வந்த பிறகு அவிழும்.

எல்லாவற்றையும் நோண்டச் சொல்லவில்லை. பிரேக், சக்கரம், பெட்ரோல் வரும் வழி, ஒயரிங் இந்த நான்கையும் மட்டும் வாங்கின வாரமே திறந்து பார்த்துவிடுங்கள். மீதி காத்திருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், போல்ட் தலைகளைப் பாருங்கள். ஒரே மூடியில் ஒரு போல்ட் ஆலன் கீ போடுவது, பக்கத்தில் ஸ்டார் ஸ்க்ரூ, அதற்கடுத்து ஸ்பேனர் போடும் அறுகோணத் தலை என்று இருந்தால் அந்த மூடி பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது. அறுகோணத் தலையின் முனைகள் உருண்டிருந்தால் அளவு பொருந்தாத ஸ்பேனரோ கட்டிங் பிளேயரோ போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் உள்ளே எப்படி வேலை செய்திருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்ஜினைத் தொட்டுப் பார்க்கவும் மறக்க வேண்டாம். நீங்கள் போய் இறங்கும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் "இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்பார்கள். இருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் லேசில் ஸ்டார்ட் ஆகாது என்பதற்காக முன்கூட்டியே ஓட்டி வைத்ததாகவும் இருக்கலாம். ஆறட்டும் என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.

ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் தலை மழுங்கிக் கிடக்கு, எப்படிக் கழட்டறது?

நீங்கள் ஸ்டார் ஸ்க்ரூ என்று சொல்வதில் இரண்டு ரகம் உண்டு. சாதாரண டூல் கிட்டில் வருவது பிலிப்ஸ். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் ஜேஐஎஸ் தலையில் பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அடி வரைக்கும் உட்காராது, அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வந்து பள்ளத்தைச் சுரண்டிவிடும். முன்னாடி வைத்திருந்தவர் அதைத்தான் செய்திருப்பார், நீங்களும் அதே டிரைவரோடு போகாதீர்கள். பல ஜேஐஎஸ் ஸ்க்ரூக்களில் தலையின் ஓரத்தில் குண்டூசி குத்தினது மாதிரி ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம்.

ஜேஐஎஸ் பிட் போட்ட இம்பாக்ட் டிரைவரை, அதாவது சுத்தியலால் தட்டினால் அதுவே திரும்பும் டிரைவரை, தலையில் உட்காரவைத்து ஓங்கி ஒரு அடி. முக்கால்வாசி வந்துவிடும். வந்ததும் ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எது வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். இன்ஜின் மூடி ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கி இன்ஜின் கேஸ் விரிசல் விட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல வெள்ளித்தாள் சுத்தியிருக்கு. புது ஃபியூஸ் போட்டா போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட இடத்தில் அந்த ஒயர் தாங்கும் அளவைக் கணக்கிட்டுத்தான் 10 போட்டிருக்கிறார்கள். அங்கே வெள்ளித்தாளோ, ஒரு துண்டுக் கம்பியோ, 30 ஆம்பியர் ஃபியூஸோ இருந்தால், ஷார்ட் ஆகும்போது எரிவது ஃபியூஸ் அல்ல, டேங்குக்கு அடியில் போகும் ஒயர்க்கட்டு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: முதலில் அந்த ஃபியூஸ் ஏன் போனது? ஒரு தடவை போனதற்காக யாரும் வெள்ளித்தாள் தேடிப் போவதில்லை. அடிக்கடி போய்ப் போய் வெறுத்துத்தான் அதைச் சுற்றியிருக்கிறார். அதாவது ஷார்ட் எங்கோ இன்னும் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு வண்டியில் புது ஃபியூஸ் போட்டேன், விளக்கு நன்றாக எரிந்தது, தெருமுனையில் திரும்பும்போது அணைந்தது. அடுத்த ஃபியூஸ், அதே முனை, அதே கதை. நிறுத்தி வைத்து ஹேண்டில் பாரை வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினால் மட்டும் போகிறது. ஹெட்லைட் கூட்டைக் கழற்றிப் பார்த்தால், ஒயர்க்கட்டு போக வேண்டிய கொக்கிக்கு வெளியே போயிருந்தது. ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் உரசி, பழுப்பு ஒயரின் மேல்தோல் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. முன்னவர் தேடியிருந்தால் அரை மணி நேர வேலை. ஒவ்வொரு ஒப்பேற்றலுக்குப் பின்னாலும் இப்படி ஒரு பழைய கோளாறு உட்கார்ந்திருக்கும். ஒப்பேற்றலை எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது, அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டேப் சுத்தின ஒயரை எல்லாம் பிரிச்சே ஆகணுமா?

கையால் தடவிப் பாருங்கள். டேப் சுற்றின இடம் ஒரே தடிமனாகப் போனால் அது கம்பெனி சுற்றியதாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். நடுவில் முடிச்சு மாதிரி புடைத்திருந்தால் அங்கே யாரோ இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். பிரியுங்கள். டேப்பின் பசை வெயிலுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் இளகிக் கையில் கருப்பு ஜாம் மாதிரி ஒட்டும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் பச்சை போகும் வரைக்கும் வெட்டித் தள்ளிவிட்டுப் புது ஒயர் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு என் தேர்வு கிரிம்ப் லக் (ஒயரை உள்ளே விட்டு நசுக்கிப் பிடிக்கவைக்கும் சின்ன உலோக இணைப்பு), அதற்குரிய பிளேயரால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய். சால்டர் வைப்பதே மேல் என்பவர்கள் இருக்கிறார்கள், சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் ஈயம் ஏறின இடத்தில் ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும், வண்டி அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அறுபடும். சால்டர்தான் வைப்பேன் என்றால் இரண்டு பக்கமும் ஒயர் ஆடாமல் கட்டி வையுங்கள்.

ரெண்டு நாள் எடுக்காம விட்டா பேட்டரி காலி. ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு.

மூன்றாவது வாங்காதீர்கள். சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். (அந்த நிலையில் சாவி போட வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) நின்றிருக்கும் வண்டி சில மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. 50 காட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 ஆம்பியர்-மணி பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாள் சொச்சத்தில், அடியோடு காலி. செல்ஃப் எடுக்காமல் போவது அதற்கும் வெகு முன்னாடியே. மீட்டரைப் பார்த்துக்கொண்டே யாரோ பிறகு சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: அலாரம், போன் சார்ஜர், கூடுதல் விளக்கு. எதைக் கழற்றியதும் எண் விழுகிறதோ அதுதான்.

எண் ஏற்கெனவே சரியாக இருந்தால் சார்ஜிங்கைப் பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து நடுத்தர வேகத்துக்கு முறுக்கினால் பேட்டரி முனையில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, இரண்டு பேட்டரியையும் கொன்றது அதுவாகத்தான் இருக்கும்.

டிரெயின் போல்ட் சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே மாட்டேங்குது. ஆயில் சொட்டுது.

ஆயிலை வடிக்கக் கழற்றும் அந்த போல்ட்டின் துளையில் மரை போய்விட்டது. போல்ட் இரும்பு, இன்ஜின் கேஸ் அலுமினியம், அதிகமாக இறுக்கினால் யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்னவர்கள் செய்யும் மூன்று வைத்தியம்: மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, எபோக்சி பசை வைத்து ஒட்டுவது, தானே மரை வெட்டிக்கொண்டு போகும் பெரிய போல்ட்டை முறுக்குவது. மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை போலத் தோன்றும், ஆனால் வெட்டின அலுமினியச் சீவல் ஆயிலோடு உள்ளே போகும், காந்தம் வைத்த டிரெயின் போல்ட் இருந்தாலும் அலுமினியம் அதில் ஒட்டாது.

சரியான வழி ஹெலிகாயில், அதாவது பழைய துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே ஒரு கம்பிச்சுருளை ஏற்றுவது. பழைய அளவு போல்ட்டையே திரும்பப் போடலாம், அலுமினிய மரையை விட அது உறுதியாகவே நிற்கும். ஸ்பார்க் பிளக் துளைக்கும் இதே வைத்தியம் உண்டு. அங்கே சீவல் சிலிண்டருக்குள் விழும் என்பதால் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

கேஸ்கெட்டுக்குப் பதிலா சிலிக்கான் தடவியிருக்காங்க. கசிவு இல்லையே, விட்டுடலாமா?

கேஸ்கெட் என்பது மூடிக்கு அடியில் கசியாமலிருக்க வைக்கும் தகடு. சிலிக்கான் கெட்ட பொருள் இல்லை, சில மூடிகளுக்கு அதைத்தான் போடச் சொல்லியே இருக்கிறது. அளவுதான் பிரச்சனை. வெளியே புழு மாதிரிப் பிதுங்கியிருந்தால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கினது பிய்ந்து ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைத்தால் இன்ஜின் மேல்பகுதிக்கு ஆயில் ஏறாது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மூடியைத் திறந்து, சல்லடையைக் கழுவி, கேஸ்கெட் போட்டுவிடுங்கள். கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லையென்றால் மூடிக்கும் உள்ளிருக்கும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் மாறிப்போகும், அதையும் யாரும் யோசிப்பதில்லை.

பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது, ஆனா அட்ஜஸ்ட் பண்ற நட்டுல இன்னும் நிறைய மரை மிச்சம் இருக்கு. அப்ப ஷூ புதுசுதானே?

இதில் ஒரு தில்லாலங்கடி உண்டு. டிரம் பிரேக்கில் வெளியே ஒரு ஆர்ம் இருக்கும், பிரேக் கம்பி அதைத்தான் இழுக்கிறது. அந்த ஆர்ம் பற்கள் உள்ள ஒரு தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஷூ தேய்ந்து நட் கடைசி வரைக்கும் வந்துவிட்டால், ஆர்மைக் கழற்றி ஒரு பல்லோ இரண்டு பல்லோ தள்ளி மாட்டிவிடுவார்கள். நட்டுக்கு மறுபடியும் இடம் கிடைத்துவிடும், பார்ப்பவர் ஷூ புதுசு என்று நினைப்பார். தண்டின் நுனியில் ஒரு புள்ளி குத்தியிருக்கும், ஆர்மிலும் ஒரு கோடோ புள்ளியோ இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் இல்லையென்றால் கதை புரிந்துவிடும். தேய்மானம் காட்டும் முள் இருந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து அதைப் பாருங்கள். சிலர் அந்த முள்ளையே கழற்றி எறிந்திருப்பார்கள்.

இது வெறும் ஏமாற்று வேலையோடு நிற்பதில்லை. உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மேல் புரண்டால் அப்படியே நிமிர்ந்து நின்றுகொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். ஷூவை மாற்றும் வரைக்கும் அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

முன் சக்கரம் ஆக்சில் நட்டை இறுக்கினா சுத்த மாட்டேங்குது, லூஸ் பண்ணினா ஆடுது. நடுவுல வச்சு ஓட்டலாமா?

கூடாது. ஆக்சில் நட்டுக்கு "நடுவில்" என்று ஒன்று கிடையாது, சொன்ன அளவுக்கு இறுக்கியே ஆக வேண்டும். உங்கள் சக்கரத்தில் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய குழாய் இல்லை, அல்லது நீளம் குறைந்திருக்கிறது. பேரிங் மாற்றியவர் பழையதைத் தட்டி எடுத்தபோது அந்தக் குழாய் கீழே விழுந்திருக்கும், இது எங்கே போடுவது என்று தெரியாமல் ஓரமாக வைத்திருப்பார். அது இல்லாமல் இறுக்கினால் இரண்டு பேரிங்கின் உள்வளையமும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, குண்டுகள் நசுங்கும். குழாயோடு பேரிங்குகளையும் புதிதாகப் போடுங்கள், நசுங்கி ஓடினவற்றை நம்ப முடியாது.

காட்டர் பின்னுக்கு பதிலா ஆணி வளைச்சு விட்டிருக்கு.

காட்டர் பின் நட் தானாகக் கழன்றுவிடாமல் தடுக்கும் ஊசி. இன்றைக்கே மாற்றுங்கள். அப்படியே குனிந்து செயினின் லாக் கிளிப்பையும் பாருங்கள்: மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த பக்கம் பின்னால். தலைகீழாக இருந்தால் எதிலாவது உரசித் தெறித்துவிடும்.

அடிபட்ட வண்டியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? விற்றவர் இல்லவே இல்லைங்கறார்.

கண்ணாடி, இண்டிகேட்டர், லீவர் எல்லாம் மாற்றிவிடுவார்கள், அவற்றைப் பார்த்துப் பயனில்லை. ஹேண்டில் கடைசி வரைக்கும் திரும்பும்போது போய் முட்டி நிற்கும் ஸ்டாப்பரைப் பாருங்கள், கழுத்துக்குக் கீழே இருக்கும். பலமான அடியில் அது நசுங்கும் அல்லது உடையும், அதை மாற்றுவது சுலபமில்லை. கழுத்துக்குப் பின்னால் ஃபிரேம் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் ஓட்டுங்கள், பெயின்ட் சுருங்கினது மாதிரி வரிவரியாக இருந்தால் உள்ளே இரும்பு மடிந்திருக்கிறது.

ஃபோர்க் ஆயில் சீல் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். குழாயில் துருக்குழி இருந்தால் புது சீலையும் அது சீக்கிரம் அறுத்துவிடும், விற்கும் நாள் வரைக்கும் தாங்கினால் போதும் என்று போட்டிருக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை விரல் நுனியால் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டொக்' என்று குழியில் விழுகிற மாதிரி நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங், போய்விட்டது. அது அடிபட்டதால்தான் என்று சொல்ல முடியாது, பழசானாலும் ஆகும்.

இன்ஜின் சத்தமே இல்லை, அதான் வாங்கினேன். நல்ல இன்ஜின்தானே?

லேசான டிக் டிக் சத்தத்தைவிட சந்தேகமான மௌனம் எனக்குப் பயம். டேப்பட் சத்தம் (வால்வு இடைவெளியில் எழும் டிக் டிக்) கேட்டால் வாங்க வருபவர் முகம் சுளிக்கிறார் என்று வால்வு இடைவெளியை ஒரேயடியாக இறுக்கி வைப்பவர்கள் உண்டு. அப்படி இறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. வால்வின் சூடு அது உட்காரும் இடத்தின் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, உட்காராவிட்டால் வால்வு ஓரம் எரிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவைப் பாருங்கள்.

ஆயிலையும் மாற்றிவிடுங்கள், சத்தமும் புகையும் தெரியாமலிருக்க எதை ஊற்றியிருக்கிறார்களோ. காருக்கான ஆயில் ஊற்றியிருந்தால் அதிலுள்ள வழுக்குப் பொருளால் ஆயிலில் நனைந்தே ஓடும் கிளட்ச் நழுவலாம். அதற்காகத்தான் 1998இல் ஜாசோ எம்ஏ என்ற தரமே வந்தது, டப்பாவில் அந்தக் குறியைப் பார்த்து வாங்குங்கள். கிளட்ச் பிளேட் மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள், சிலருக்கு இதோடு முடிந்திருக்கிறது.

கார்புரேட்டர் டியூன் எத்தனை தடவை பண்ணினாலும் நிக்க மாட்டேங்குது.

ஃபியூஸ் கேள்வியில் சொன்னதேதான். யாரோ ஏர் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போட்டிருப்பார், அதற்கு ஈடுகட்ட ஒருவர் பெட்ரோல் அளந்து விடும் ஜெட்டை ஊசியால் குடைந்திருப்பார், அதற்கு ஈடுகட்ட இன்னொருவர் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் நீடிலின் கிளிப்பை ஏற்றியிருப்பார். இந்த மாடியின் உச்சியில் நின்று ஸ்க்ரூவைத் திருப்பிப் பயனில்லை. பெட்டியை மூடுங்கள், கம்பெனி எண்ணுள்ள ஜெட்டைப் போடுங்கள், கிளிப்பைப் பழைய பள்ளத்துக்குக் கொண்டுவாருங்கள், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டியூன்.

அப்ப முன்னாடி செஞ்சது எல்லாமே தப்பு வேலையா?

இல்லை. ஹெலிகாயில் போட்ட பிளக் துளை, ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்துச் சேர்த்த ஹெட்லைட், சுத்தமாகப் பற்றவைத்த ஸ்டாண்ட் பிராக்கெட் இவையெல்லாம் கம்பெனி வேலையை விட நன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்க விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக எதையும் பிய்த்துவிடாதீர்கள். இது எதற்காக என்று உங்களுக்குப் புரிந்து, அதை எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்த பிறகு எடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும், ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. நான்கை ஒன்றாக மாற்றினால் ஐந்தாவது கோளாறு எதிலிருந்து வந்தது என்று தெரியாது.

விற்றவர்கிட்ட கேட்டா சண்டையாகிடுமோ?

"ஏன் இப்படி செஞ்சு வச்சீங்க" என்று கேட்டால் ஆகும். "அப்ப என்ன பிரச்சனை வந்துச்சு, எந்த நேரத்துல வந்துச்சு?" என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். "மழையில மட்டும் அணையும்" என்ற ஒரு வாக்கியம் உங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையை மிச்சப்படுத்தும்.

வழியில நின்னுட்டா நானும் ஒப்பேத்தித்தானே ஆகணும்?

ஆமாம், அதில் வெட்கம் என்ன. வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தீர்கள், என்றைக்கு, ஏன் என்று ஒரு அட்டையில் எழுதிச் சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். சரி செய்ததும் அடித்துவிடுங்கள். என் வண்டியில் இப்போது மூன்று வரி இருக்கிறது, இரண்டை அடித்தாயிற்று. மூன்றாவது: "ஹார்னுக்குத் தனி எர்த் ஒயர், பழையது கட்டுக்குள் எங்கோ அறுந்திருக்கு, தேடணும்." அதை எழுதி எட்டு மாசம் ஆகிறது.